துவக்கப் பகுதி அடையாளக் குழு

மகளின் பிறப்புச் சான்றிதழுக்குக் கம்ப்யூட்டர் மெக்கானிக் செய்த ஒரே குற்றம், நனைந்துவிடக் கூடாதே என்று அதற்கு லேமினேஷன் போட்டு வைத்ததுதான். பள்ளிக்கூடத்தில் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். "பிளாஸ்டிக் போட்டா செல்லாதுங்க. மேல எங்க முத்திரை ஒட்டாது. புதுசா ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க. வெள்ளிக்கிழமை மூணு மணியோட சேர்க்கை முடியுது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் குட்டி என்று கூப்பிடப்படும் அவனுடைய நாலு வயது மகள், ஏற்கெனவே பையை மாட்டிக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்து பழகிக்கொண்டிருந்தாள். இதை விட்டால் அடுத்த பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை பதிவு அலுவலகத்துக்குப் போனான். கவுண்ட்டரில் 'கணினி இயங்கவில்லை' என்று ஒரு பலகை தொங்கியது. காகிதத்தில் எழுதி ஒட்டியதல்ல. மரப்பலகையில் பெயிண்ட் அடித்து, ஓரத்துக்குப் பூ வேலைப்பாடு வேறு.

"எத்தனை நாளாம்மா?"

"ஒன்பது நாளாச்சு" என்றார் கவுண்ட்டர் அம்மா. கையில் பின்னல் ஊசி.

"எப்ப சரியாகும்?"

"எழுதியிருக்கோம்."

"யாருக்கு?"

அந்த அம்மா ஊசியால் மேலே காட்டினார். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

அங்கேயே திரும்பி வந்திருக்கலாம். ஆனால் வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். "நான் கம்ப்யூட்டர் மெக்கானிக்தான்மா. என்னன்னு பார்க்கட்டுமா? அரை மணி நேர வேலை. காசெல்லாம் வேண்டாம், எனக்கு ஒரு சான்றிதழ் கிடைச்சா போதும்" என்றான்.

பெஞ்சில் காத்திருந்த பதினேழு பேரும் அவனைக் கடவுளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். கவுண்ட்டர் அம்மா மட்டும் அவனைப் படிவம் நிரப்பாமல் வந்த ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு ஒரு படிவம் கொடுத்தார். அதை நிரப்பியதும் சட்டையில் குத்திக்கொள்ள ஓர் அட்டை கிடைத்தது. 'தற்காலிகக் கணினித் தொடுநர்' என்று அதில் இருந்தது. தொடலாம், முடிவெடுக்கக் கூடாது என்று பின்பக்கம் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள்.

கோளாறு அவன் நினைத்ததுதான். ஏதோ ஒரு புதுப்பிப்பு பாதியில் நின்று இயங்குதளம் நாசமாகியிருந்தது. புதிதாகப் போட்டால் தீர்ந்தது. பையிலிருந்து பென் டிரைவை எடுத்துச் செருகினான். நிறுவும் திரை வந்தது. ஹார்ட் டிஸ்க் ஒன்றே ஒன்று. ஒரு வீட்டுக்குள் சுவர் வைத்து அறைகள் பிரித்த மாதிரி, அதற்குள் ஐந்து பகுதிகள். அவற்றுக்குக் கீழே பென் டிரைவின் இரண்டு வரிகள். முதலில் இருந்தது 512 எம்பி, மிகச் சின்னது. அதுதான் பூட் பகுதி, பொத்தானை அழுத்தியதும் கம்ப்யூட்டர் முதலில் எட்டிப் பார்க்கிற இடம். மூன்றாவதில் கெட்டுப்போன இயங்குதளம். நான்காவது 350 ஜிபி, எல்லாவற்றிலும் பெரியது. அதில்தான் அந்த ஊரில் அறுபது வருடமாகப் பிறந்தவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள்.

"இதுக்கு பேக்கப் இருக்குல்லம்மா?"

"இல்லாமலா? பத்திரமா இருக்கு."

"எங்கே?"

"இதே கம்ப்யூட்டர்லதான். வெளியே வெச்சா தொலைஞ்சு போயிடும்ல."

"பழைய நோட்டுப் பதிவேடு?"

"கம்ப்யூட்டர்ல ஏத்தினதும் எரிச்சிட்டோம். கரையான் வந்துடும்னு பயம்."

செய்ய வேண்டியதை மனசுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். முதல் பகுதியைப் பூட் என்று காட்ட வேண்டும், அதிலிருப்பதை அழிக்கக் கூடாது. மூன்றாவதை அழித்துப் புதிதாகப் போட வேண்டும். நான்காவதன் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. மவுஸை முதல் பகுதிக்கு நகர்த்தினான்.

"நிறுத்துங்க!" என்றார் கவுண்ட்டர் அம்மா. "திரையில ஏதாவது பொருள் தெரிஞ்சா, தொடறதுக்கு முன்னாடி சரக்குப் பதிவேட்டோட ஒத்துப் பார்க்கணும்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. பூதத்தின் பெயர் ஸ்டிக்கர். சரக்குப் பதிவேட்டு எழுத்தரை அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் அழைத்தார்கள். நாற்காலி, குப்பைக்கூடை, குப்பைக்கூடையின் மூடி, தண்ணீர்க் குடத்தின் அடிப்பாகம் என்று எண் ஒட்டாத பொருளை அவர் விட்டுவைத்ததில்லை. பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, பென் டிரைவ் வெளி ஆளின் பொருள் என்று அதன் இரண்டு வரிகளை விட்டுவிட்டு, திரையை எண்ணினார்.

"பதிவேட்டுல ஹார்ட் டிஸ்க் ஒண்ணு. திரையில அஞ்சு. நாலு அதிகம். எங்கேருந்து வந்துச்சு?"

"அதிகமெல்லாம் இல்ல சார். ஒரே டிஸ்க்கை அஞ்சா பிரிச்சிருக்கு."

"யார் உத்தரவுல?"

"கம்ப்யூட்டரே பிரிச்சுக்கும் சார்."

"உத்தரவில்லாம தானே பிரிச்சுக்கிச்சா?" ஸ்டிக்கர் கவுண்ட்டர் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா பின்னலை மேசைக்குள் தள்ளினார்.

பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். திறந்து காட்டினான். உள்ளே ஒரு டிஸ்க்தான் இருந்தது. ஸ்டிக்கர் கொஞ்ச நேரம் தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, 'திரையின்படி நான்கு அதிகம், கண்ணின்படி நான்கு குறைவு' என்று எழுதி, இரண்டுக்கும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கினார். அவன் தொழிலுக்கு வந்து பதினைந்து வருடம். இல்லாத நாலு பொருளுக்கு இரண்டு முறை கையெழுத்துப் போட்டது அன்றுதான்.

அடுத்து எண் ஒட்ட வேண்டும். பகுதிகளைக் கையால் பிடிக்க முடியாது என்று அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். ஸ்டிக்கர் அசரவில்லை. மானிட்டர் கண்ணாடிமேலேயே, ஒவ்வொரு வரிக்கும் நேராக, ஒவ்வொரு ஸ்டிக்கராக ஒட்டினார். பூட் பகுதிக்குச் சிவப்பு, மற்றவற்றுக்கு வெள்ளை. பட்டியலில் ஒரே நேரத்தில் நாலு வரிதான் தெரியும் என்பதால் ஐந்தாவது ஸ்டிக்கரை மானிட்டரின் சட்டத்தில் ஒட்டி, 'காத்திருப்பில்' என்று எழுதினார்.

"இப்ப பாருங்க. எவ்வளவு சுத்தமா இருக்கு! எந்தக் குழப்பமும் வராது" என்றார். அதற்குள் மணி ஐந்தாகிவிட்டது.

வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்டாள்: "என்னங்க, வாங்கிட்டீங்களா?"

"நாளைக்கு."

"காலைல அரை மணி நேரம்னுதானே ஃபோன்ல சொன்னீங்க?"

"அரை மணி நேரம்தான். ஆரம்பிக்கத்தான் விட மாட்டேங்கறாங்க."

புதன்கிழமை அவன் போனபோது பதிவாளரின் அறைக்கே கம்ப்யூட்டரை அணைக்காமல் யூபிஎஸ்ஸோடு தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அந்த அலுவலகத்தில் பாதி அந்த அறைதான். மீதிப் பாதியில் பதினோரு ஊழியர்கள், பெஞ்சு, பொதுமக்கள். பதிவாளரின் மேசையைச் சுற்றி ஏழு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கதவில் 'துவக்கப் பகுதி அடையாளக் குழுக் கூட்டம் நடைபெறுகிறது' என்று எழுதியிருந்தது. குழுவில் பதிவாளர் தலைவர், ஸ்டிக்கர் செயலாளர், கவுண்ட்டர் அம்மா உறுப்பினர். மிச்ச நாலு நாற்காலிக்கு ஆள் இல்லை. விதிப்படி ஏழு பேர் வேண்டுமாம், நாற்காலி ஏழு இருந்ததால் கூட்டம் நடத்தக் குறைந்தபட்சக் கணக்கு சரியாகிவிட்டது.

திரையைப் பார்த்தவன் திடுக்கிட்டான். பட்டியல் உருண்டிருந்தது. பென் டிரைவின் இரண்டு வரிகளையும் சேர்த்து மொத்தம் ஏழு வரி. தூக்கிக்கொண்டு வரும்போது யாரோ கீழ் அம்புக்குறியில் கைவைத்திருக்க வேண்டும். மேலே இருந்த மூன்று வரிகள் மறைந்துபோய், சிவப்பு ஸ்டிக்கருக்கு நேராக 350 ஜிபி நின்றது.

"சார், லிஸ்ட் நகர்ந்துடுச்சு. சிவப்பு இப்ப தப்பான இடத்துல நிக்குது" என்று சொல்லி மேல் அம்புக்குறியை மூன்று தடவை தட்டினான். 512 மறுபடி சிவப்புக்கு நேராக வந்தது.

குழு மூச்சை இழுத்துப் பிடித்தது.

"பார்த்தீங்களா சார்?" என்றார் ஸ்டிக்கர். "இவர் தட்டினா மாறுது. நான் ஒட்டினது மாறலை. ஒட்டின இடத்துலயே நிக்குது. அரசாங்கம் எதை நம்பணும்? நிக்கிறதையா, நகர்றதையா?"

"சார், நேத்து இவர் ஒட்டினப்ப இங்க 512தான் இருந்துச்சு. இவரையே கேளுங்க."

"நான் எண் பார்த்து ஒட்டலை. இடம் பார்த்து ஒட்டினேன்."

பதிவாளர் கையை உயர்த்தினார். நல்ல மனிதர். குரலில் கனிவு இருந்தது, அவசரம் என்பதே இல்லை. "தம்பி, டெக்னிக்கல் விஷயம் நீங்க சொல்லுங்க. கேட்டுக்கறோம். இந்தப் பூட்ங்கறது என்ன?"

"கம்ப்யூட்டர் தொடங்கற இடம் சார்."

"தொடங்கற இடம். நல்லது. எங்க அலுவலகம் எங்கேருந்து தொடங்குது? இந்த அறையிலேருந்து. அதனாலதான் இது பெருசா இருக்கு. நான் வேணும்னு கேட்டு வாங்கலை, பதவிக்குன்னு ஒரு அளவு இருக்கு. இந்த 512ங்கறது எவ்வளவு? இருக்கறதுலயே சின்னது. அதுலயும் முப்பதுதான் பயன்படுத்தியிருக்குன்னு காட்டுது, பாக்கி சும்மா கிடக்கு. இப்படி வேலையில்லாம கிடக்கற ஒரு கடைநிலைப் பகுதிகிட்ட, ஒரு அலுவலகத்தையே தொடங்கற பொறுப்பைக் கொடுப்பாங்களா? நீங்களே சொல்லுங்க."

மெக்கானிக்கின் காதுக்குள் விர்ரென்றது. இருந்தாலும் பொறுமையாக, வாடிக்கையாளரிடம் பேசுகிற குரலில் கேட்டான்: "சார், காலைல இந்த ஆபீஸை யார் திறக்கறாங்க?"

"வாட்ச்மேன்."

"அவர் எங்கே இருப்பாரு?"

"படிக்கட்டுக்கு அடியில. ஒரு ஸ்டூல் இருக்கும்."

"சாவி?"

"அவன்கிட்டதான்."

"அதான் சார் பூட் பகுதி. சின்ன இடம்தான். சாவி அங்கதான் இருக்கு. உங்க அறை எவ்வளவு பெருசா இருந்தாலும், அவர் வந்து திறக்கலேன்னா..."

சொல்லி முடிக்கவில்லை, தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்துவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும்.

"அதாவது, நான் வராமலே இந்த அலுவலகம் தொடங்கிடும்ங்கறீங்க" என்றார் பதிவாளர், அதே கனிவோடு. "இதை எழுத்துல கொடுக்க முடியுமா?"

ஸ்டிக்கர் வெள்ளைத்தாளை நீட்டினார். மெக்கானிக் வாங்கிக்கொள்ளவில்லை. "சார், பெரிய பகுதியைத் தேர்ந்தெடுத்தா அதை ஃபார்மேட் பண்ணித்தான் பூட்டா மாத்த முடியும். எல்லாம் அழிஞ்சுடும் சார். இந்த ஊர்ல பிறந்தவங்க பதிவு முழுக்கப் போயிடும்" என்றான். கடைசி வார்த்தைகளில் குரல் உயர்ந்துவிட்டது.

"பதிவு எங்கே இருக்கு?"

"கம்ப்யூட்டர்ல."

"கம்ப்யூட்டர் எங்கேயாவது போகப்போகுதா?"

"இல்ல சார்."

"அப்புறம் பதிவு மட்டும் எப்படித் தம்பி போகும்?" என்று சொல்லிப் பதிவாளர் எழுந்தார். கூட்டம் முடிந்தது. வராண்டாவுக்கு வந்து சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்று பார்த்தான். சுவரிலும் ஓர் எண் ஒட்டியிருந்தது.

வியாழக்கிழமை முழுவதும் ஆணை எழுதுவதில் போயிற்று. கம்ப்யூட்டர் இல்லாததால் கையால் எழுதினார்கள். 'பொருள்: கணினி – துவக்கப் பகுதி – அடையாளம் காணல் – தொடர்பாக' என்று ஆரம்பித்து, 'சிவப்பு ஸ்டிக்கருக்கு நேர் எதிரே உள்ளதும், அளவில் மூத்ததுமான பகுதியே துவக்கப் பகுதி எனக் குழு ஒருமனதாகக் கண்டறிகிறது' என்று முடிந்தது. காலி நாற்காலிகளும் ஒருமனதில் சேர்ந்திருந்தன. அன்று ராத்திரி குட்டி, "அப்பா, நாளைக்கு ஸ்கூலா?" என்று கேட்டாள். அவனுக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். குழந்தையிடம் காட்டாமல் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு எழுந்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஆணையை நிறைவேற்ற அவனைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்கள். பதிவாளர் ஒரு திறப்புவிழாவுக்குப் போயிருந்தார். ஸ்டிக்கர் அந்த விழாவின் நாற்காலிகளுக்கு எண் ஒட்டப் போயிருந்தார். கவுண்ட்டர் அம்மா மட்டும் பின்னலோடு பக்கத்தில் இருந்தார். ஆணைக்குப் பொருந்தும்படி யாரோ பட்டியலை மறுபடி உருட்டிவைத்திருந்ததால் சிவப்புக்கு நேராக 350 நின்றது. தேர்ந்தெடு, அழி என்று இரண்டே பொத்தான். அழித்தால் அவன் ஆணையை மதித்தவன். அழிக்காவிட்டால் குட்டி பிறந்தவள்.

"அம்மா, நீங்க இந்த ஊர்லதான் பிறந்தீங்களா?"

பின்னல் நின்றது. "ஆமா. ஏன்?"

அவன் 350 ஜிபி வரியைச் சுட்டிக் காட்டினான். அந்த அம்மா திரையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, தையல்களை முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

மேல் அம்புக்குறியை மூன்று தடவை தட்டினான். 512ஐத் தேர்ந்தெடுத்தான். மூன்றாவதை அழித்துப் புதிதாகப் போட்டான். மற்றதைத் தொடவில்லை. இருபத்தேழு நிமிடத்தில் கம்ப்யூட்டர் எழுந்துகொண்டது. பதிவுகள் அத்தனையும் இருந்தன. குட்டியின் முழுப்பெயர், பிறந்த நாள், நேரம், எடை, அவன் பெயர், அவள் அம்மா பெயர். ஓர் எழுத்துகூடச் சிதையவில்லை. நான்கு நாளில் முதன்முறையாக அவனுக்குச் சிரிப்பு வந்தது. கவுண்ட்டர் அம்மா அச்சடித்துக் கொடுத்தார். பாக்கி பதிவாளரின் கையெழுத்து மட்டும்தான்.

பதிவாளர் வந்தபோது மணி ஒன்றே முக்கால். கழுத்தில் விழா மாலை, பின்னாலேயே ஸ்டிக்கர். கம்ப்யூட்டர் ஓடுவதைப் பார்த்து முகம் மலர்ந்தது. "எந்தப் பகுதியில போட்டீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவனுக்கு முன்பே, திரையின் ஓரத்தில் இருந்த 'துவக்கப் பகுதி: 512 எம்பி' என்ற வரி சொல்லிவிட்டது.

"512ஆ?" பதிவாளரின் முகம் வாடியது. "அப்ப இது ஆணைக்கு மாறா ஓடிட்டிருக்கு. ஆணைக்கு மாறா ஓடற கம்ப்யூட்டர்லேருந்து வர்ற சான்றிதழ்ல நான் எப்படித் தம்பி கையெழுத்துப் போடறது?"

"சார், பதிவு சரியா இருக்கு சார். நீங்களே பாருங்க."

"சரியாத்தான் இருக்கு. முறையா இல்லை."

"சார், மூணு மணிக்குப் பள்ளிக்கூடம் மூடிடுவாங்க. பொண்ணு வாழ்க்கை சார்." கெஞ்சினான். அப்படிக் கெஞ்சுவதற்காக அவனுக்கே அவன்மேல் வெறுப்பாக இருந்தது.

பதிவாளர் யோசித்தார். உதவி செய்ய வேண்டும் என்றுதான் அவருக்கும் ஆசை. "ஒரு வழி இருக்கு. வேணும்னு மீறினா குற்றம். தெரியாம நடந்தா தவறு. தவறை மன்னிக்க எனக்கு அதிகாரம் இருக்கு."

ஸ்டிக்கர் தாளை நீட்டினார். பதிவாளர் சொல்லச் சொல்ல அவனே எழுதினான்: 'சரியான துவக்கப் பகுதியை அடையாளம் காணத் தெரியாத காரணத்தால், 512 அளவுள்ள தவறான பகுதியை அறியாமையால் தேர்ந்தெடுத்துவிட்டேன். மன்னிக்கவும்.' பதினைந்து வருடத்தில் யாருடைய கல்யாணப் படத்தையும், யாருடைய கணக்கையும் அவன் தொலைத்ததில்லை. கடையில் பழகுகிற பையன்கூடச் செய்யாத தப்பைச் செய்ததாகத் தன் கையெழுத்திலேயே எழுதிக்கொடுத்தான். மணி இரண்டு பத்து.

"தப்பை ஒத்துக்கறதுக்கு ஒரு மனசு வேணும்" என்று சொல்லிப் பதிவாளர் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். "பாருங்க, தப்பான பகுதியில போட்டே இவ்வளவு நல்லா ஓடுது. சரியான பகுதியில போட்டா எப்படி ஓடும்!"

சான்றிதழைக் கையில் வாங்கிய கணத்தில், ஸ்டிக்கர் அதற்குள் தட்டி முடித்திருந்த இன்னொரு தாளையும் அச்சுப்பொறி தள்ளியது. ஸ்டிக்கர் அதை எடுத்து, 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்கிவிட்டு, ஒரு நகலை அவனுக்கும் கொடுத்தார். நாற்பத்திரண்டு கிளை அலுவலகங்களுக்குமான சுற்றறிக்கை. எல்லாக் கணினியிலும் அளவில் மூத்த பகுதியை அழித்துத் துவக்கப் பகுதியாக மாற்ற வேண்டும். சிறிய பகுதியைத் தேர்ந்தெடுப்பது தவறு என்று பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரே எழுத்துமூலம் ஒப்புக்கொண்டுள்ளார், இணைப்பைக் காண்க. தலைமையிடமான இந்த அலுவலகத்தில் திங்கள் காலை பத்து மணிக்குப் பணி தொடங்கும்.

"சார், வேண்டாம் சார்" என்றான். சுற்றறிக்கையைத் திருப்பி நீட்டினான். "நான் எழுதினது பொய் சார். சின்னதுதான் சரி."

"பொய்யா?" பதிவாளர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப தெரிஞ்சே மீறியிருக்கீங்க. அந்தச் சான்றிதழைத் திருப்பிக் கொடுங்க."

கை நீண்டது. மெக்கானிக் சான்றிதழைப் பார்த்தான். குட்டியின் பெயர்மேல் முத்திரை மை இன்னும் காயவில்லை. அதைச் சட்டைக்குள், மார்போடு செருகிக்கொண்டான்.

"தப்புதான் சார். தெரியாமத்தான் செஞ்சேன்" என்றான்.

"அதான் பார்த்தேன்" என்று பதிவாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

வெளியே வந்தான். மணி இரண்டு இருபது. பள்ளிக்கூடத்துக்கு இருபது நிமிட வழி. வாசல்வரை போனான். திரும்பிப் பெஞ்சுக்கு வந்தான். தூங்கிக்கொண்டிருந்தவர்களை உலுக்கினான்.

"எல்லாரும் இன்னிக்கே வாங்கிடுங்க. உங்களுது, சம்சாரத்துது, பிள்ளைங்களது, அண்ணன் தம்பியோடது, எல்லாத்தையும். வீட்டுக்கு ஃபோன் போட்டு வரச் சொல்லுங்க. அஞ்சு மணிக்குள்ள."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த லாரி டிரைவர் கொட்டாவி விட்டார். "எனக்கு லோடு ஏத்தணும் தம்பி. அதான் கம்ப்யூட்டர் சரியாயிடுச்சே, என்ன அவசரம்? திங்கக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்."

"திங்கக்கிழமை சாயங்காலம் நீங்க பிறந்திருக்கவே மாட்டீங்கண்ணே" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் பள்ளிக்கூடத்தைப் பார்க்க ஓடினான்.